ஆட்காட்டியின் வாயை அடைக்கப் பார்த்த தலைவர்

ஒரு காட்டில் குளம் ஒன்றுதான். காட்டின் பெயரைக் கேட்காதீர்கள், கதைக்கு அது வேண்டாம். குளம்தான் வேண்டும்.

மழைக்காலத்தில் எங்கே வாய் வைத்தாலும் தண்ணீர். கோடை வந்தால் ஓடை காயும், பாறைக்குழி காயும். அப்புறம் மானானாலும் முயலானாலும் அந்தக் குளத்துக்குத்தான் வந்தாக வேண்டும்.

அந்தக் காட்டின் தலைவர் ஒரு காட்டெருமை. சிங்கம் எங்கே போயிற்று என்பீர்கள். எல்லாக் காட்டிலும் சிங்கம் இருக்காது. இந்தக் காட்டில் இல்லை.

காட்டெருமை சும்மா தலைவராகிவிடவில்லை. முன்பு அந்தக் குளத்தில் ஒரு முதலை இருந்தது. தண்ணீர் குடிக்கப் போனவற்றில் சில திரும்பவில்லை. காட்டெருமை ஒரு நாள் குளத்தில் இறங்கியது. கொம்பால் முட்டியது, குளம்பால் மிதித்தது. முதலை தப்பித்தால் போதுமென்று ஓடை வழியே ஓடிப்போயிற்று. விலங்குகள் எல்லாம் கூடி, இனி நீங்கள்தான் எங்கள் தலைவர் என்றன. சரியான முடிவுதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை பிறகுதான் வந்தது.

தலைவர் கண்ட கண்ட இடத்தில் தண்ணீர் குடிக்கலாமா? மலைமேல் ஒரு சின்னச் சுனை இருந்தது. ஒருவருக்குப் போதும். அதைத் தலைவருக்கென்று ஒதுக்கினார்கள். பக்கத்திலேயே நிழல், பக்கத்திலேயே புல். காட்டெருமை மலைமேல் ஏறிப் படுத்தது. குளத்துப் பக்கம் வர அதற்குப் பிறகு வேலையே இல்லாமல் போயிற்று.

ஆண்டுக்கு ஒரு நாள் மட்டும் வரவேண்டும். அதற்கு இறங்குநாள் என்று பெயர். கோடையின் நடுவில் வரும். அன்று எல்லா விலங்குகளும் குளக்கரையில் கூடும். தலைவர் முதலில் தண்ணீரில் இறங்கிக் குடிக்கும். அதை நம்பி மற்றவை பின்னால் இறங்கினால், இன்னும் ஓராண்டு அதுவே தலைவர். இறங்காமல் கரையிலேயே நின்றுவிட்டால் பதவி போயிற்று. வேறு பேச்சே கிடையாது. வாயால் ஆயிரம் வாழ்க சொல்லலாம். கால் பொய் சொல்லாது என்பது அந்தக் காட்டின் கணக்கு.

அந்தக் கரையில்தான் ஆட்காட்டி இருந்தது.

ஆட்காட்டியைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் கேட்டிருப்பீர்கள். புறா அளவு உடம்பு, மஞ்சள் நெட்டைக் கால், கண்ணுக்கு முன்னால் சிவப்பாக ஒரு தசை. மரத்தில் கூடு கட்டாது. தரையில், கூழாங்கற்களுக்கு நடுவில் முட்டையிடும். எது கல், எது முட்டை என்று அதற்கு மட்டும்தான் தெரியும். ஆபத்து எதைக் கண்டாலும் கத்தும். அழகாகக் கத்தாது. காது வலிக்கக் கத்தும்.

அது கத்தினால் விலங்குகள் நின்றுவிடும். அது ஓய்ந்தால்தான் தண்ணீரில் வாய் வைக்கும். இது சட்டமில்லை. உயிர்மேல் ஆசை உள்ளவர்களின் பழக்கம்.

போன மழையில் வெள்ளம் வந்தது. வெள்ளத்தோடு வேறொரு முதலை வந்தது. வெள்ளம் போயிற்று, முதலை போகவில்லை. பகலெல்லாம் மூக்குத் துளையும் கண்ணும் மட்டும் வெளியே தெரிய, ஊறிப்போன கட்டையைப் போலக் கிடந்தது. ஆட்காட்டி பார்த்துவிட்டது. பார்த்த அன்றே கத்தத் தொடங்கியது.

மலைமேல் இந்தச் செய்தியை மைனா கொண்டுபோயிற்று. மைனாவுக்குத் தலைவரின் முதுகில்தான் குடியிருப்பு. முதுகில் உள்ள உண்ணியைப் பொறுக்கித் தின்னும், காதில் இனிப்பாக எதையாவது சொல்லும். இரண்டிலும் தலைவருக்குச் சுகம்.

"தலைவரே, குளக்கரை ஆட்காட்டி உங்களை இழிவாகப் பேசுகிறது" என்றது மைனா.

"என்ன பேசுகிறது?"

"குளத்தில் முதலை இருக்கிறதாம்."

"அதைத்தான் நான் விரட்டிவிட்டேனே."

"அதையேதான் நானும் சொல்கிறேன். இருக்கிறது என்றால், நீங்கள் விரட்டவில்லை என்றுதானே அர்த்தம்?"

பாருங்கள், ஒரே வரியில் முதலை போய்விட்டது. அந்த இடத்தில் தலைவரின் மானம் வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு குளத்தில் என்ன கிடக்கிறது என்று மலைமேல் யாரும் கேட்கவில்லை. ஆட்காட்டியை யார் தூண்டிவிட்டார்கள் என்றுதான் கேட்டார்கள். கரடியாக இருக்கும் என்றது மைனா. கரடிக்குத் தலைவர் பதவிமேல் ஒரு கண் உண்டு. ஆனால் கரடி அப்போது ஒரு தேனடையின்மேல் இரண்டு கண்ணும் வைத்திருந்தது. அதற்கு இந்த விஷயமே தெரியாது.

சில நாளில் ஒரு புள்ளிமான் அழுதுகொண்டு மலையேறி வந்தது. தண்ணீர் குடிக்கப் போன தன் குட்டியைக் காணவில்லை என்றது. ஆட்காட்டி கத்தியது என்றும், குட்டி சின்னது, தாகம் தாங்காமல் இறங்கிவிட்டது என்றும் சொன்னது. காட்டெருமைக்கு மனம் இளகத்தான் செய்தது. கெட்ட மிருகம் இல்லை அது. ஆனால் மைனா குறுக்கே புகுந்து, குட்டிகள் விளையாட்டுப் புத்தியில் பக்கத்துக் காட்டுக்குப் போவது உண்டு, மழை வந்தால் தானாக வந்துவிடும் என்று ஆறுதல் சொன்னது. தலைவரும் தலையை ஆட்டியது. மான் யார் முகத்தையும் பார்க்காமல் இறங்கிப் போயிற்று.

இறங்குநாள் நெருங்கியது. காட்டெருமைக்கு அப்போதுதான் உறைத்தது. அன்று தான் தண்ணீரில் இறங்கும்போது ஆட்காட்டி கத்தினால்? ஒரு விலங்கும் பின்னால் வராது. பதவி கையை விட்டுப் போய்விடும்.

"அதன் வாயை அடைக்க வேண்டும்" என்றது காட்டெருமை.

"அடைக்க வேண்டாம், தலைவரே. நிரப்பிவிடலாம்" என்றது மைனா.

ஆகவே ஆட்காட்டிக்கு ஒரு பட்டம் கொடுத்தார்கள். காட்டின் தலைமைக் காவற்பறவை. பட்டத்தோடு ஒரு பரிசு. ஆலமரத்தின் உச்சிக்கிளை. கழுகுக்குக்கூடக் கொடுக்காத கிளை. இனி வெயிலில், மணலில், கல்லில் கிடக்க வேண்டாம், முட்டைகளோடு மேலே வந்து சுகமாக இருக்கலாம் என்று மைனா போய் அறிவித்தது. குரலில் தேன் வழிந்தது.

ஆட்காட்டி அதை ஏற இறங்கப் பார்த்தது. ஒரு காலைத் தூக்கி நீட்டியது.

"இந்தக் காலைப் பார்."

"பார்க்கிறேன், அக்கா. அழகான கால்."

"பின்பக்கம் விரல் இருக்கிறதா, பார். பேருக்கு ஒரு துணுக்கு. இதை வைத்துக்கொண்டு நான் கிளையைப் பிடிக்க முடியுமா? பிறந்ததிலிருந்து நான் மரத்தில் உட்கார்ந்ததை யாராவது பார்த்திருக்கிறார்களா? முட்டையை யார் தூக்கிக்கொண்டு போவது, நீயா?"

மைனா விழித்தது.

"பரிசு கொடுக்கிறவர் என் காலைக்கூடப் பார்த்ததில்லை. போய்ச் சொல். கிளை வேண்டாம். அவர் ஒரு தடவை கீழே வந்து குளத்தைப் பார்க்கட்டும்."

மைனா போய்ச் சொன்னது. அப்படியே சொல்லுமா? ஆட்காட்டி உங்கள் பரிசைக் காலைத் தூக்கிக் காட்டி அவமதித்தது என்று சொன்னது. காலைத் தூக்கியது உண்மைதானே.

காட்டெருமை மூக்கால் பெருமூச்சு விட்டது. ஆனாலும் நான் நியாயவான், விசாரித்துவிடலாம் என்றது. விசாரணை என்றவுடன் உங்களுக்கு ஒரு நம்பிக்கை வந்திருக்கும். பொறுங்கள்.

சாட்சியாக ஆமையைக் கூப்பிட்டார்கள். ஆமை குளத்துக்குள்ளேயே இருப்பது. முதலைக்குப் பக்கத்திலேயே படுப்பது. அதற்குத் தெரியாத முதலை ஏது? ஆனால் ஆமைக்கு நீண்ட ஆயுள்மேல் ஆசை. குளத்தில் முதலை உண்டா என்று கேட்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. வெகுநேரம் காத்திருந்தார்கள். தலை வெளியே வந்தது. தான் உள்ளே இருந்தவரையில் முதலை எதுவும் கண்ணில் படவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் உள்ளே போயிற்று.

நேரில் கண்ட சாட்சியே முதலை இல்லை என்று சொல்லிவிட்டது என மைனா காடு முழுக்கச் சொல்லிக்கொண்டு பறந்தது.

அப்போதும் ஆட்காட்டி ஓயவில்லை. கத்துவதோடு நிற்காமல் ஒரு நாள் தானே மலைக்குப் போயிற்று. முட்டைகளைத் தன் இணையிடம் ஒப்படைத்துவிட்டுப் பறந்து போயிற்று. காட்டெருமை சுனைக்கரையில் அசை போட்டுக்கொண்டிருந்தது. ஆட்காட்டி அதன் முகத்துக்கு நேரே தரையில் நின்றது.

காட்டெருமை அன்பாகவே பேசியது. தான் அந்தக் காட்டுக்குச் செய்ததை எல்லாம் எடுத்துச் சொன்னது. முதலையை விரட்டிய கதையை முழுசாகச் சொன்னது. அன்று முதன்முதலில் தன்னை வாழ்த்திக் கூவியது இதே ஆட்காட்டிதான் என்பதையும் மறக்காமல் சொன்னது. இத்தனைக்கும் பிறகு ஏன் இந்தப் பகை என்று கேட்டது.

ஆட்காட்டிக்கு நேரமில்லை.

"உங்களோடு எனக்கு என்ன பகை? அன்று நீங்கள் விரட்டியது உண்மை. இன்று வேறொன்று வந்திருப்பதும் உண்மை. வந்து பாருங்கள்."

"உனக்கு என்ன வேண்டும், சொல்."

"நீங்கள் வரவேண்டும்."

"அதைத் தவிர."

"அதைத் தவிர எனக்கு என்ன வேண்டியிருக்கிறது?"

காட்டெருமை குரலைத் தாழ்த்தியது. "நீ விவரம் தெரியாமல் பேசுகிறாய். நான் வந்து பார்த்தால் என்ன ஆகும் தெரியுமா? தலைவருக்கே சந்தேகம் வந்துவிட்டது என்பார்கள். குளத்தை எட்டிப் பார்த்தாலே முதலை இருக்கிறது என்று நான் ஒப்புக்கொண்டதாகிவிடும்."

"பார்க்காவிட்டால்?"

"பார்க்காவிட்டால் இல்லை."

"அது முதலைக்குத் தெரியுமா?" என்றது ஆட்காட்டி.

முதுகிலிருந்த மைனா சிரித்துவிட்டது. தலைவர் திரும்பிப் பார்த்ததும் இருமுவதுபோல நடித்தது. காட்டெருமைக்கு முகம் கறுத்துவிட்டது. ஏற்கெனவே கறுப்புத்தான், இன்னும் கறுத்தது. நாலு பேர் முன்னால் தன்னைக் கேலி செய்யத்தான் இந்தப் பறவை மலையேறி வந்திருக்கிறது என்று அது முடிவு கட்டிவிட்டது. ஆட்காட்டி பறந்து போன பிறகு, இனி நயமெல்லாம் வேண்டாம் என்றது.

மிதித்துவிடலாமா என்றும் யோசித்தது. மைனா தடுத்தது. மிதித்தால், கத்தியது உண்மை என்று ஆகிவிடும், அதைவிட நல்ல வழி தன்னிடம் இருக்கிறது என்றது. சொல்லிவிட்டு வாயைத் திறந்து ஆட்காட்டியைப் போலவே கத்திக் காட்டியது. காட்டெருமைகூட ஒரு கணம் எழுந்து நின்றுவிட்டது.

மைனாவுக்கு அது ஒரு திறமை. எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் சொல்லும். தனக்கென்று சொல்ல ஒன்றும் இல்லாததால் வந்த திறமை.

மறுநாள் மைனா தன் கூட்டத்தையெல்லாம் திரட்டியது. அவை காடு முழுக்கப் பரவின. புற்றின்மேல் உட்கார்ந்து ஆட்காட்டிபோலக் கத்தின. விலங்குகள் அலறிச் சிதறின. புற்றில் ஒன்றுமில்லை. மூங்கில் புதரில் கத்தின. முயல்கள் ஓடி முள்ளில் விழுந்தன. மூங்கிலில் காற்றுதான் இருந்தது. மேய்கிற இடத்தில், படுக்கிற இடத்தில், குட்டிக்குப் பால் கொடுக்கிற இடத்தில், எங்கே பார்த்தாலும் அதே கத்தல். முதலில் விலங்குகள் பயந்தன. பிறகு எரிச்சல்பட்டன. பிறகு காதைக்கூட நிமிர்த்தவில்லை.

குளக்கரையில் உண்மையாகவே ஆட்காட்டி கத்தும்போதும், இந்த மைனாக்களுக்கு வேறு வேலையில்லை என்று சொல்லிக்கொண்டு ஒரு நரி தண்ணீர் குடித்துவிட்டுப் போயிற்று. அன்று முதலை குளத்தின் அந்தப் பக்கம் இருந்தது. நரிக்கு ஆயுள் கெட்டி. தான் தப்பியதை அது தன் புத்திசாலித்தனம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டது. அதைக் கேட்டு மற்றவற்றுக்கும் துணிச்சல் வந்தது.

புள்ளிமானுக்கு மட்டும் வரவில்லை. அது ஆட்காட்டியிடம் வந்து, எது உன் குரல் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டது.

"என் பக்கத்தில் வந்து நில். என் வாயைப் பார்" என்றது ஆட்காட்டி. அதற்கும் வேறு வழி தெரியவில்லை.

இறங்குநாள் வந்தது.

கரையெல்லாம் விலங்குகள். குரங்குகள் மரத்தில். மயில்கள் தோகையோடு. தலைவர் வரும் வழியில் பூ உதிர்க்கச் சொல்லியிருந்தார்கள். கோடையில் பூ ஏது, காய்ந்த இலையைத்தான் உதிர்த்தார்கள். காட்டெருமை மலையிலிருந்து இறங்கி வந்தது. கொம்பில் கொடி சுற்றியிருந்தது. முதுகில் மைனா. எல்லோரும் வாழ்க சொன்னார்கள். வெயில் உச்சியில் இருந்தது. எல்லா நாக்கும் வறண்டிருந்தது.

அந்த நேரத்தில் முதலை கரைக்கு வந்துவிட்டது. தலைவர் இறங்கும் துறைக்கு நேர் எதிரே, முழங்கால் ஆழத்தில், சேற்றோடு சேறாகப் படுத்துக்கொண்டது. அதற்கு இறங்குநாள் தெரியாது, தலைவர் தெரியாது. கூட்டமாக வருகிறார்கள் என்பது தெரியும்.

ஆட்காட்டி கத்தியது. வாழ்நாளில் அப்படிக் கத்தியதில்லை.

கூட்டத்தில் பாதி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீதி சிரித்தது. மைனா ஆரம்பித்துவிட்டது என்றது ஒரு குரங்கு.

காட்டெருமை மட்டும் ஒரு கணம் தயங்கியது. மெல்லத் தலையைத் திருப்பி, "உன் ஆளா, அசலா?" என்று கேட்டது.

"அசல்தான், தலைவரே. கத்தட்டும். ஒருவர் காதிலும் ஏறாது."

காட்டெருமைக்கு மனம் குளிர்ந்தது. தன் காதிலும் ஏறவில்லை என்பது அதற்குத் தோன்றவில்லை.

ஆட்காட்டி பறந்து வந்து காட்டெருமையின் முகத்துக்கு முன்னால் சிறகடித்தது. கொம்பு ஒன்று பட்டிருந்தால் செத்திருக்கும். நில்லுங்கள், எதிரே பாருங்கள் என்று கெஞ்சியது. காட்டெருமை கொசுவை விரட்டுவதுபோலத் தலையை ஆட்டியது. குளத்தைப் பார்க்கவில்லை. கூட்டம் தன்னைப் பார்க்கிறதா என்று பார்த்தது. கூட்டம் பார்த்தது. காட்டெருமை முன்னங்காலைத் தண்ணீரில் வைத்தது. தலையைக் குனிந்து வாயை வைத்தது.

சேறு எழுந்து அதன் மூக்கைக் கவ்வியது.

மைனா பறந்துவிட்டது. அது சொல்லாமலே தெரியும்.

காட்டெருமை பின்னுக்கு இழுத்தது, முதலை முன்னுக்கு இழுத்தது. காட்டெருமைக்குக் கரையில் கால் ஊன்ற இடமில்லை, சேறு வழுக்கியது. கத்த வாயில்லை, வாய் முதலையிடம் இருந்தது. கரையில் நின்ற விலங்குகள் சிலையாகிவிட்டன. வாழ்க சொன்ன வாய்களெல்லாம் திறந்தபடியே நின்றன.

ஆட்காட்டி மேலே எழும்பியது. நேராகக் கீழே பாய்ந்து முதலையின் கண்ணில் கொத்தியது. எழும்பியது, பாய்ந்தது, கொத்தியது. தன் முட்டைக்கு ஆபத்து வந்தால் அது என்ன செய்யுமோ அதையேதான் செய்தது. முதலை கண்ணை மூடித் தலையைத் திருப்பிய அந்த நொடியில் பிடி நழுவியது. காட்டெருமை பின்பக்கமாகக் கரையில் வந்து விழுந்தது.

மூக்கில் ஒரு துண்டு முதலையோடு போய்விட்டது. உயிர் மிஞ்சியது.

காட்டெருமை ரத்தம் ஒழுக எழுந்து உட்கார்ந்தது. ஆட்காட்டி சற்று தள்ளி, மூச்சு வாங்க, தரையில் நின்றுகொண்டிருந்தது.

"இத்தனை நாள் என்னை எதிர்த்தாய். இப்போது ஏன் காப்பாற்றினாய்?" என்றது காட்டெருமை. மூக்கு போனதால் பேச்சு குழறியது.

"உங்களை நான் எப்போது எதிர்த்தேன்? முதலை இருக்கிறது என்று சொன்னேன். நீங்கள்தான் முதலையா?"

காட்டெருமை விடாமல் கேட்டது. "பட்டம் கொடுத்தேன். கிளை கொடுத்தேன். விசாரணை வைத்தேன். நீ என் பக்கம் நிற்க நான் இன்னும் என்னதான் செய்திருக்க வேண்டும்?"

"வந்து பார்த்திருக்கலாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"பார்த்து, முதலை இல்லை என்று ஆகியிருந்தால்?"

"என் கண் கெட்டுவிட்டது என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். நாளெல்லாம் கத்தவேண்டும் என்று எனக்கு என்ன வேண்டுதலா?"

"முதலை இருந்திருந்தால்?"

"இருந்ததே. இருக்கிறது என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், போன தடவைபோல விரட்டியிருப்பீர்கள். இன்று உங்கள் பின்னால் முதல் ஆளாக நான் இறங்கியிருப்பேன். இதை உங்களிடம் சொல்லத்தான் மலையேறி வந்தேன். நீங்கள் எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்."

காட்டெருமை குளத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டது. மூக்கு எரிந்தது.

இதற்குள் மைனா பக்கத்து மரத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. நிலைமை எப்படி என்று கொஞ்சம் பார்த்தது. பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தலைவர் தன் மூக்கையே விலையாகக் கொடுத்து ஒரு முதலையைக் கண்டுபிடித்துவிட்டார் என்று உரக்க அறிவித்தது.

கூட்டத்தில் இரண்டொரு குரல் வாழ்க என்று தொடங்கின.

காட்டெருமை எழுந்து நின்றது. அந்த வாழ்க அதன் காதுக்குப் பழக்கமானது. சும்மா இருந்திருந்தால் போதும். ஒரு கணம் சும்மாதான் இருந்தது. கரையில் நின்ற புள்ளிமானின் முகம் கண்ணில் பட்டது.

"பொய்" என்றது. "கண்டுபிடித்தது ஆட்காட்டி. அது முதலிலிருந்தே சொன்னது. நான் பார்க்க மாட்டேன் என்றேன். காடு முழுக்க மைனாக்களைக் கத்தவிட்டதும் நான்தான். இந்த அம்மாவின் குட்டி பக்கத்துக் காட்டுக்குப் போகவில்லை."

மான் தலையைக் குனிந்துகொண்டது.

"நல்ல வார்த்தை" என்றது ஆட்காட்டி. காட்டெருமையின் பக்கத்தில், காலோடு கால் ஒட்டியதுபோல வந்து நின்றது. காடு முழுக்கப் பார்க்க, காட்டெருமை அத்தனை நாளாக ஆசைப்பட்ட இடத்தில் வந்து நின்றது.

ஆனால் அன்று இறங்குநாள். விலங்குகள் எல்லாம் கரையில் நின்றன. ஒரு காலும் தண்ணீரில் இல்லை. காட்டெருமையே கரையில்தான் இருந்தது. வழக்கம் வழக்கம்தான், பதவி போயிற்று. கொம்பில் சுற்றியிருந்த கொடியை அது தானே தரையில் தேய்த்துக் கழற்றியது.

கொடி கீழே விழுந்ததும் கரடி முன்னால் வந்தது. வாயோரத்தில் தேன் ஒட்டியிருந்தது. இந்தக் காட்டுக்கு இனி விழிப்பான ஒரு தலைவர் வேண்டும், குறை சொல்கிறவர்களை மதிக்கிற தலைவர் வேண்டும், பொறுப்பைத் தான் ஏற்கத் தயார் என்று பேசியது. மைனா பறந்து வந்து கரடியின் முதுகில் உட்கார்ந்தது. ரோமம் அடர்த்தியாக இருக்கிறதா என்று கிளறிப் பார்த்துக்கொண்டது.

கரடி நேரே ஆட்காட்டியிடம் வந்து குனிந்தது.

"ஆட்காட்டி அவர்களே, என்னை உங்கள் சொந்தத் தம்பியாக நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு என்ன வேண்டும், கூச்சப்படாமல் கேளுங்கள்."

குளத்தில் நீர் லேசாகச் சுழித்தது. ஆட்காட்டி கழுத்தை நீட்டிக் கத்தத் தொடங்கியது.

கரடி ஆட்காட்டியின் வாயைப் பார்த்தது. மைனா கரடியின் முகத்தைப் பார்த்தது. காட்டெருமை மட்டும் குளத்தைப் பார்த்தது.

நீதி: குறை சொல்கிறவருக்கு என்ன கொடுக்கலாம் என்று தேடாதே, அவர் காட்டுகிற இடத்தைப் போய்ப் பார்.